போர்க்கால வான்பணி: தந்தையரின் தடம் தேடி

நெல்லைச் சீமையின் கடல் வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். 1906இல் வ.உ.சிதம்பரனார் தொடங்கிய கப்பல் நிறுவனத்தைப் பள்ளிச் சிறாரும் அறிவர். வான் வரலாறோ பெரிதும் எழுதப்படாத ஏடாகவே கிடக்கின்றது.

பொருநை பிறக்கும் பொதிகைக்கு அப்பால், திருவனந்தபுரத்திற்கு 1935இலேயே பம்பாயிலிருந்து டாட்டா நிறுவனத்தின் விமானம் வந்தது. 1938இல் அதன் தபால் வழி கொழும்பு வரை நீண்டது. மறு ஆண்டே போர் மூண்டது. டாட்டா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் போன்ற நிறுவனங்கள் போர்க்காலப் பணிக்குத் திரும்பின. விமானிகள் சிலர், அவர்களைப் பறக்கச் செய்த வயர்லெஸ் இயக்குநர்கள், மெக்கானிக்குகள், எழுத்தர்கள் பலர். இவர்கள் படைவீரர் அல்லர். ஆயினும் போரின் நடுவே நின்றவர்கள்.

1942 மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தது. பர்மாவிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். பெரும்பாலோர் நடந்தனர், சிலருக்கே விமானத்தில் இடம் கிடைத்தது. மே 6ஆம் நாள், அகதிகளை ஏற்றி அனுப்பிக்கொண்டிருந்த மித்கினா விமானத்தளத்தின் மீது குண்டுகள் விழுந்தன. நடந்து வந்தோரின் துயரை வெ. சாமிநாத சர்மா தம் பர்மா வழிநடைப் பயண நூலில் பதிந்தார். விமானத்தளங்களில் உழைத்தோருக்கு அத்தகைய பேறு எளிதில் வாய்க்கவில்லை.

"அப்பா சண்டைக் காலத்தில் ஏரோடிரோமில் வேலை பார்த்தார்" என்னும் ஒற்றை வாக்கியமே சில குடும்பங்களில் எஞ்சியிருக்கும். அதைத் தொடர விழையும் மகனோ மகளோ முதலில் கேட்கவேண்டியது, சம்பளம் கொடுத்தவர் யார் என்பதே. கயத்தாற்றில் போர்க்காலத்தில் அமைந்து இன்று பயனற்றுக் கிடக்கும் ஓடுபாதை படைத்தேவைக்கானது. அங்கு உழைத்தவரின் சுவடும், விமான நிறுவன ஊழியரின் சுவடும் ஒரே இடத்தில் கிடைப்பதில்லை.

அரசின் சிவில் விமானத்துறை ஊழியராயின் தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தையும், இலண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களையும் நாடலாம். ஓடுபாதைக்கு எடுக்கப்பட்ட நிலம் பற்றியதாயின் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் மாவட்ட வருவாய் ஆவணங்களும் வழிகாட்டக்கூடும். டாட்டா ஊழியராயின் புனேயில் டாட்டா மைய ஆவணக் காப்பகம் உண்டு. ஆனால் நிறுவனங்களே உருமாறின. டாட்டா ஏர்லைன்ஸ் 1946இல் ஏர் இந்தியா ஆயிற்று. 1953இல் விமான நிறுவனங்கள் நாட்டுடைமையாயின. இந்தியன் நேஷனல் ஏர்வேஸ் இந்தியன் ஏர்லைன்ஸில் கலந்தது. ஏர் இந்தியா 2022இல் மீண்டும் டாட்டாவிடம் சேர்ந்தது. தேடுவோர் இத்தனை பெயர் மாற்றங்களையும் கடந்தாக வேண்டும்.

இக்காப்பகங்களில் அதிகாரிகளின் பெயர்கள் எளிதில் அகப்படும். கடைநிலை ஊழியரின் பெயர்கள் அரிதாகவே அகப்படும். அவர்களுக்கு வீட்டு டிரங்குப் பெட்டியே ஆவணக் காப்பகம். சம்பளச் சீட்டு, உரிமச் சான்று, பணியிட முத்திரையுள்ள கடிதம், சக ஊழியரோடு எடுத்த படம் ஆகியவை கறையானுக்கு முன் கண்ணில் படவேண்டும். அத்தந்தையரின் பிள்ளைகளே இன்று முதுமையில் இருக்கின்றனர். படத்தில் நிற்போரை அடையாளம் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அவர்தம் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் பென்சிலால் குறித்துவைத்தல் நன்று. ஏடு எழுதும் பணி அங்கிருந்தே தொடங்கும்.