ஆங்கில பிரேசல் வெர்பும் கொங்குப் பேச்சின் துணைவினையும்

கோவை அருகே உள்ள சூலூர் விமானப்படைத் தளத்தை அண்டி வளரும் பிள்ளைகளுக்கு ‘டேக் ஆஃப்’ என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2018இல் தேஜஸ் போர் விமானப் படைப்பிரிவு அங்கு வந்ததிலிருந்து அது அன்றாடக் காட்சி. ஆனால் சட்டையைக் கழற்றுவதும் ‘டேக் ஆஃப்’தான் என்று வகுப்பில் கேட்டதும் திகைக்கிறார்கள். இரண்டிலும் ‘ஆஃப்’ குறிப்பது ஒட்டியிருந்தது விலகுவதையே; அதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. தொடருக்கு எதிரே ஒற்றைப் பொருள் எழுதிய பட்டியல்தான் கையில் கிடைக்கிறது. மதிப்பெண்ணுக்கு அது உதவும், மொழிக்கு உதவாது. மாணவர் நாவில் ஏற்கெனவே வழங்கும் துணைவினையிலிருந்து பாடம் தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

‘டேக் ஆஃப்’ போன்ற இந்தப் பிரேசல் வெர்ப் தொடர்கள் அயலாரைப் பெரிதும் இடர்ப்படுத்துபவை என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார். தமிழருக்கோ இந்த அமைப்பு முற்றிலும் அயலானதன்று. ‘பார்’ வேறு, ‘பார்த்துக்கொள்’ வேறு. ‘குழந்தையப் பாத்துக்குங்க’ என்பதில் கண்ணால் காண்பது பின்னுக்குப் போய்ப் பேணுதல் முன்வருகிறது. ‘லுக்’ என்பது ‘லுக் ஆஃப்டர்’ ஆகும்போதும் நடப்பது இதுவே. கொங்குப் பேச்சில் ‘சாப்பிட்டுப்போட்டு வாங்க’ என்னும்போது ‘போடு’ எதையும் எறிவதில்லை, செயல் முடிந்ததைக் காட்டுகிறது. ‘ஈட் அப்’, ‘யூஸ் அப்’ ஆகியவற்றில் ‘அப்’ மேல்நோக்காமல் முழுமையைக் குறிப்பதும் இத்தகையதே. மொழியியலாளர் இ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட ஆங்கில நூல் தமிழ் வினைகள் துணைவினையால் இவ்வாறு விரிவதை ஆராய்கிறது. மொழியியலார் அறிந்த இச்செய்தி ஆங்கில வகுப்புக்குள் இன்னும் வரவில்லை.

ஒப்புமைக்கு எல்லை உண்டு. ‘விழுந்துவிட்டான்’ என்பதில் வரும் ‘விடு’வுக்கு ‘அப்’ ஈடாகாது. நம் துணைவினை வினையிலிருந்து பிறந்தது. ‘அப்’, ‘ஆஃப்’ போன்ற ஆங்கிலத் துணைச்சொற்களில் பெரும்பாலானவை இடத்தையும் திசையையும் சுட்டுபவை.

இதைவிடப் பெரிய இடர் நாம் கடன்வாங்கிய முறையில் இருக்கிறது. ‘பிக்கப் பண்ணு’, ‘பிரேக்டவுன் ஆயிருச்சு’, ‘லாக் அவுட் பண்ணு’ என்று இத்தொடர்களைப் பெயர்ச்சொல்லாக இறுக்கி, ‘பண்ணு’, ‘ஆகு’ சேர்த்து வழங்குகிறோம். ஆங்கிலத்திலோ ‘பிக்’ வேறாக, ‘அப்’ வேறாகப் பிரியும். ‘யூ’ என்னும் மூவிடப்பெயர் செயப்படுபொருளானால் ‘பிக் யூ அப்’ என்று நடுவில்தான் வர வேண்டும். ‘பிக் அப் யூ’ என்ற பிழைக்கு மாணவரின் கவனக்குறைவு காரணமன்று. பேச்சில் இறுகிப்போன ‘பிக்கப்’ அப்படியே ஆங்கிலத்துக்குத் திரும்புகிறது என்பதே என் கணிப்பு. எந்தப் பட்டியலும் இதைத் திருத்தாது.

எனவே பாடநூல் எழுதுவோர் வினைவாரியான பட்டியலை விட்டுவிட்டு, ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ எனத் துணைச்சொல்வாரியாகப் பாடங்களை அமைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் மாணவர் வீட்டில் பேசும் துணைவினையோடு ஒப்பிட்டு, ஒப்புமை முறியும் இடத்தையும் அங்கேயே காட்ட வேண்டும்.