கெட்டிஸ்பர்க் கல்லூரி: ஒரு லுத்தரன் கல்விக்கூடத்தின் தோற்றமும் வளர்ச்சியும்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள கெட்டிஸ்பர்க் கல்லூரி 1832-இல் பென்சில்வேனியா கல்லூரி என்ற பெயரில் தொடங்கப்பட்டது. போதகர்களைப் பயிற்றுவிப்பதில் இருந்த நடைமுறைச் சிக்கலே இதன் தோற்றத்துக்குக் காரணம். லுத்தரன் இறையியலாளர் சாமுவேல் சைமன் ஷ்முக்கர் 1826-இல் இதே ஊரில் ஓர் இறையியல் கல்லூரியை நிறுவினார். அங்கு வந்த இளைஞர்கள் பலருக்கு லத்தீனிலும் கிரேக்கத்திலும் போதிய அடிப்படை இல்லை. அக்குறையைப் போக்க 1827-இல் ஓர் ஆயத்தப் பள்ளி தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து, 1832 ஏப்ரலில் மாநிலச் சட்டமன்றத்தின் சாசனம் பெற்று, கல்லூரியாயிற்று.

லுத்தரன்களின் முயற்சியால் உருவான கல்லூரி என்றாலும், மாணவர் சேர்க்கையிலோ ஆசிரியர் நியமனத்திலோ சமய நம்பிக்கையைக் காரணம் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று சாசனம் விதித்தது. கல்லூரியின் பிற்கால வரலாற்றைத் தீர்மானித்த முதன்மையான முடிவு இதுவே எனலாம். ஜெர்மன் வழிவந்த உழவர் குடும்பங்கள் மிகுந்த மாநிலத்தில், அவர்களுக்கு உயர்கல்வியைக் கொண்டு சேர்க்கும் பொது நிறுவனமாகக் கல்லூரி தன்னை முன்வைத்தது. அதனால் அரசுதவி கேட்கவும் வழி பிறந்தது. லுத்தரன் அல்லாத வழக்கறிஞரும் சட்டமன்ற உறுப்பினருமான தாடியஸ் ஸ்டீவன்ஸ் 1834-இல் 18,000 டாலர் மானியம் கிடைக்க உதவினார். கட்டடத்துக்கான நிலமும் அவரிடமிருந்தே பெறப்பட்டது. அடிமை முறையை எதிர்ப்பதில் ஷ்முக்கரும் ஸ்டீவன்ஸும் ஒரே பக்கம் நின்றவர்கள். கிரேக்கப் பாணித் தூண்களுடன் எழுந்த பென்சில்வேனியா ஹாலுக்கு 1837-இல் வகுப்புகள் மாறின. முதல் தலைவர் சார்லஸ் பிலிப் கிராவ்த் 1850 வரை பொறுப்பிலிருந்தார். ஃபிலடெல்ஃபியாவில் 1839 முதல் நடந்த மருத்துவப் பிரிவு, உள்நாட்டுப் போர் தொடங்கிய 1861-இல் மூடப்பட்டது.

1863 ஜூன் இறுதியில் போர் ஊருக்குள்ளேயே வந்தது. கல்லூரி மாணவர்கள் பலர் அவசரகாலப் படையில் சேர்ந்து, ஜூன் 26 அன்று ஊருக்கு வெளியே தென்மாநிலப் படையை எதிர்கொண்டனர். பயிற்சியற்ற அப்படை விரைவிலேயே பின்வாங்க நேர்ந்தது. ஜூலை 1 முதல் 3 வரை நடந்த பெரும்போரின்போது பென்சில்வேனியா ஹால் முதலில் வடமாநிலப் படையின் கண்காணிப்பு மேடையாகவும், பிறகு தென்மாநிலப் படையின் மருத்துவமனையாகவும் பயன்பட்டது. காயமுற்ற பல நூறு வீரர்கள் வகுப்பறைகளிலும் நடைவழிகளிலும் கிடத்தப்பட்டனர். அந்த நாட்களிலும் கணிதப் பேராசிரியர் மைக்கேல் ஜேக்கப்ஸ் தமது வழக்கமான வானிலைப் பதிவை நிறுத்தவில்லை. ஜூலை 3 பிற்பகல் 2 மணிக்கு அவர் குறித்த வெப்பநிலை 87 டிகிரி ஃபாரன்ஹீட். அப்போரைப் பற்றிப் பின்னர் எழுதிய ஆய்வாளர்களுக்கு இக்குறிப்புகள் மதிப்பு மிக்க சான்றாயின. நவம்பர் 19 அன்று ஆபிரகாம் லிங்கன் உரையாற்றிய போர்வீரர் கல்லறை அர்ப்பண விழாவை நிறைவு செய்யும் ஆசிமொழியைக் கூறியவர் கல்லூரித் தலைவர் ஹென்றி பாகர்.

போரைவிட நீண்டகாலப் பாதிப்பை விளைவித்தது லுத்தரன் திருச்சபைப் பிளவு. பழைய விசுவாச அறிக்கைகளை அமெரிக்கச் சூழலுக்கேற்பத் தளர்த்தலாம் என்றார் ஷ்முக்கர். கூடாது என்று எதிர்த்தவர்களுக்குத் தலைமை தாங்கியவர் முதல் தலைவரின் மகனும் இக்கல்லூரியிலேயே பயின்றவருமான சார்லஸ் போர்ட்டர்ஃபீல்டு கிராவ்த். எதிரணியினர் 1864-இல் ஃபிலடெல்ஃபியாவில் தனி இறையியல் கல்லூரி கண்டனர். கெட்டிஸ்பர்க் பேராசிரியர் ஃபிரெடரிக் மியூலன்பர்க் 1867-இல் அலன்டவுனுக்குச் சென்று மியூலன்பர்க் கல்லூரியின் முதல் தலைவரானார். அக்கல்லூரி தாங்கும் பெயர் அவருடைய கொள்ளுத்தாத்தாவுடையது. ஹென்றி மெல்கியோர் மியூலன்பர்க் என்ற அந்த முன்னோர், தரங்கம்பாடிக்கு வந்த லுத்தரன் ஊழியர் சீகன்பால்குவை உருவாக்கிய, ஜெர்மனியின் அதே ஹாலே வட்டத்திலிருந்து 1742-இல் அமெரிக்கா வந்தவர்.

தமிழகத்தோடு இன்னொரு தொடர்பும் உண்டு. திருநெல்வேலியில் கிறிஸ்தவ ஊழியராகப் பணியாற்றிய ரேனியஸ், தம் பழைய சங்கத்திலிருந்து பிரிந்தபின், அமெரிக்க லுத்தரன்களிடம் உதவி கோரினார். 1837-இல் அங்கே அயல்நாட்டு ஊழியச் சங்கம் உருவாக அந்த வேண்டுகோள் தூண்டுதலாயிற்று. மறு ஆண்டே ரேனியஸ் இறந்ததால், அமெரிக்க லுத்தரன்கள் அனுப்பிய கிறிஸ்டியன் ஃபிரெடரிக் ஹேயர் திருநெல்வேலிக்குப் பதிலாக 1842-இல் குண்டூரில் பணியைத் தொடங்கினார். கெட்டிஸ்பர்க்கில் படித்த சிலரும் பின்னர் அங்கு வந்து பணியாற்றினர்.

கல்லூரி 1888-இல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முதல் இருவர் 1894-இல் பட்டம் பெற்றனர். 1930-களின் தொடக்கத்தில் பெண்கள் சேர்க்கை சில ஆண்டுகள் நிறுத்தப்பட்டது. வளர்ச்சிப் பாதையில் தெளிவான பின்னடைவான அம்முடிவு 1935-இல் கைவிடப்பட்டது. மக்கள் வழக்கில் முன்பே நிலைத்திருந்த கெட்டிஸ்பர்க் கல்லூரி என்ற பெயர் 1921-இல் அதிகாரப்பூர்வமாயிற்று. 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பதவிக்காலத்தை முடித்த ஐசன்ஹோவர், இக்கல்லூரி வளாகத்தில் அலுவலகம் அமைத்துத் தம் நினைவுக்குறிப்புகளை எழுதினார். கல்லூரி அறங்காவலராகவும் இருந்தார்.

இன்று 2,000-க்கும் மேற்பட்ட இளங்கலை மாணவர்கள் இங்கே பயில்கின்றனர். இவர்களில் லுத்தரன்கள் சிறுபான்மையினரே. திருச்சபைப் பிளவால் 1864-இல் பிரிந்த கெட்டிஸ்பர்க், ஃபிலடெல்ஃபியா இறையியல் கல்லூரிகளும் 2017-இல் ஒரே நிறுவனமாக இணைந்தன.