எண்ணப்படாத குறை

போட்டாதாங் என்னும் பெயருக்குப் பர்மிய மொழியில் ஆயிரம் படைத்தலைவர் என்பது பொருள். எண்ணிக்கையையே பெயராகக் கொண்ட அந்த இரங்கூன் ஆற்றங்கரைப் பகுதியில் பிறந்தவர் என் பெரியம்மா. 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இரங்கூன் மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். மொழி, மதம், தொழில் யாவும் அன்று கணக்கில் ஏறின. 1964இன் பின் கப்பலேறியபோதும் தலைகள் எண்ணப்பட்டன. ஆயினும் இருமினாலும் தும்மினாலும் சிறுநீர் கசியும் தம் குறையைப் பெரியம்மா பல்லாண்டுகளாக ஒருவரிடமும் சொன்னதில்லை. பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்க அவர் தயங்கியதை நாங்கள் சோம்பல் என்றே கருதியிருந்தோம்.

மறைக்கப்படும் நோயை அளப்பது எங்ஙனம்? 1948இல் அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல், இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியோடு, அத்தசைகளின் இறுக்கத்தைக் காட்டும் அழுத்தமானி ஒன்றையும் வெளியிட்டார். 1971இல் இந்நோய்க்கெனப் பன்னாட்டுச் சங்கம் ஒன்று தோன்றியது. அது 1980களில் வகுத்த ஒரு மணிநேரச் சோதனை விந்தையானது. நிறுத்த பஞ்சு அணையாடையை அணிந்த பெண், அரை லிட்டர் நீர் அருந்த வேண்டும். நடந்து, படியேறி, பத்து முறை உட்கார்ந்தெழுந்து, பத்து முறை உரக்க இருமி, ஓடும் நீரில் கை கழுவ வேண்டும். பின் அணையாடை மீண்டும் நிறுக்கப்படும். ஒரு கிராமுக்கு மேல் எடை கூடியிருந்தால் கசிவு உண்டு. 1988இல் அச்சங்கம் தந்த வரையறையும், பிறர் கண்ணுக்குப் புலப்படுத்தக்க கசிவையே நோயென ஏற்றது. மருத்துவர் காணாதது நோயன்று என்ற நிலை!

இத்தனைக்கும் 1980இலேயே பிரித்தானிய ஆய்வொன்று உண்மையைக் காட்டியிருந்தது. இலண்டனின் இரு வட்டாரங்களில் மருத்துவ, சமூகசேவை நிலையங்கள் அறிந்திருந்த நோயாளரை அவ்வாய்வினர் முதலில் கணக்கிட்டனர். 15 முதல் 64 வயது வரையான பெண்களில் அவர்கள் 0.2 விழுக்காடு மட்டுமே. பின்னர் நாட்டின் பல பகுதிகளிலும் பன்னிரு மருத்துவரின் பட்டியலில் இருந்தோருக்கு அஞ்சலில் வினாத்தாள் அனுப்பினர். அதே வயதுப் பெண்களில் 8.5 விழுக்காட்டினர், மாதம் இருமுறையேனும் கசிவு உண்டு என்று எழுதினர். ஏறத்தாழ நாற்பது மடங்கு! வீட்டிலிருந்தே எழுதக் கிடைத்த தனிமைதான் இவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

2002இல் வரையறை மாறியது. தானாகக் கசிகிறது என்று நோயாளி முறையிட்டாலே போதும் என்றாயிற்று. 2004இல் வெளியான சுருக்க வினாத்தாள் கடந்த நான்கு வாரங்களைப் பற்றி வினவுகிறது. எத்தனை முறை கசிகிறது என்பதற்கு 5 புள்ளி வரை, எவ்வளவு என்பதற்கு 6 வரை. அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது என்பதற்கோ 10 வரை. மொத்தம் 21.

சென்ற மாதம் இவ்வினாக்களைப் பெரியம்மாவிடம் தனியே கேட்டேன். முதல் இரண்டிற்கும் சிறிய எண்களே கூறினார். மூன்றாவதற்குச் சற்றும் தயங்காமல், "பத்து" என்றார்.