துப்பாக்கிக்குள் ஒரு சேவல்

துப்பாக்கி என்ற சொல் தமிழ் வாயில் இயல்பாக உட்கார்ந்துவிட்டது. குண்டைத் துப்புவதால் துப்பாக்கி என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. காதுக்கு இனிக்கிற விளக்கம், ஆனால் சரியன்று. துருக்கியரின் ‘துஃபெக்’ வடக்கிலிருந்து இறங்கி, தெலுங்கிலும் கன்னடத்திலும் துபாகியாகி, நம்மிடம் வந்து வல்லினம் இரட்டித்துத் துப்பாக்கி ஆயிற்று. 11ஆம் நூற்றாண்டில் மஹ்மூத் அல்-காஷ்காரி தொகுத்த துருக்கிச் சொற்களஞ்சியத்தில் இதன் மூத்த வடிவம் ‘துவெக்’ என்று இருக்கிறது. அப்போது அதற்கு வெடிமருந்தோடு எந்த உறவும் இல்லை. பச்சைக் கிளையிலிருந்து உருவிய பட்டைக் குழல் அது. வாயில் வைத்து ஊதிக் குருவி அடிப்பதற்கானது.

பறவை வேட்டைக்கான ஊதுகுழல்தான் துப்பாக்கியின் முதல் பொருள் என்பது நெகிரி செம்பிலான்காரர்களுக்கு வியப்பாக இருக்காது. ஜெலுபு, கோலாப்பிலா பக்கத்துத் தெமுவான் பழங்குடியினரின் ‘சும்பித்’தும் அதே வகைக் கருவிதானே. மூங்கில் குழல், நஞ்சு தோய்த்த மெல்லிய அம்பு, ஒரு மூச்சு. அந்த நஞ்சைத் தரும் மரத்தின் பெயர்தான் பேராக்கில் ஈப்போ என்று நகரமாக நிற்கிறது.

மலாயில் துப்பாக்கிக்குச் செனாப்பாங் என்று பெயர். இது டச்சுக்காரர் தந்த சொல். 1641இல் மலாக்காவைப் பிடித்த அவர்கள், லிங்கி ஆற்றின் வழியே இறங்கி வந்த வெள்ளீயத்தை வாங்கினார்கள். அவர்களோடு ‘ஸ்னாப்ஹான்’ என்ற வகைத் துப்பாக்கியின் பெயரும் இந்தக் கரையேறியது. ஹான் என்றால் டச்சு மொழியில் சேவல். சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு முன்னால் பாய்ந்து கொத்தும் சுத்தியல், அவர்கள் கண்ணுக்குக் கொத்துகிற சேவலாகத் தெரிந்திருக்கிறது. அதே உறுப்பைப் பார்த்த தமிழன் குதிரை என்றான். அகராதியிலும் துப்பாக்கியின் குதிரை என்று ஏறிவிட்டது. பின்னால் இழுத்துவிட்டால் துள்ளிப் பாயும் அந்த உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தோன்றவில்லை.

தோட்டப்புறத்தில் துப்பாக்கி நெடுங்காலம் தொரை பங்களாவின் பொருளாகவே இருந்தது. 1948 ஜூனில் அவசரகாலம் வந்ததும் நிலைமை மாறியது. தோட்டங்களுக்குக் காவலாகச் சிறப்புக் காவலர்கள் வந்தார்கள், புதுக்கிராமங்களில் ஊர்க்காவல் படையினர் கைக்கு ஷாட்கன் போயிற்று. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற சட்டமும் கூடவே வந்தது. 1960இல் அவசரகாலம் முடிந்தபோது, அதே ஆண்டு வந்த ஆயுதச் சட்டம் உரிமத்தை இறுக்கிப் பிடித்தது. இன்று லாபு, ரந்தாவ், பகாவ் பக்கத்துச் செம்பனைக் காடுகளில் ஷாட்கன்னோடு யாரையாவது பார்த்தால், பெரும்பாலும் அவர் பயிர் காக்க உரிமம் பெற்று, காட்டுப்பன்றிக்காக வந்தவராக இருப்பார். நட்டு ஓரிரு ஆண்டான செம்பனையின் அடியைப் பன்றி கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டால் அந்தக் கன்று போனதுதான்.

அவர் கையில் இருப்பது செனாப்பாங் பாத்தா, அதாவது ஒடியும் துப்பாக்கி. குழலை நடுவில் மடித்துத் தோட்டா போடுவதால் அந்தப் பெயர். தோட்டாவுக்குள் இருக்கும் சிறு உருண்டைகளை மலாயில் பெலுரு தாபூர் என்பார்கள். பெலுரு போர்த்துகீசியச் சொல், தாபூர் என்றால் விதை தூவுவது. நமக்கு அது ரவை. உப்புமாவுக்கு எடுக்கும் அதே சொல். இலங்கைத் தமிழில் இப்போது துப்பாக்கிக் குண்டுக்கே ரவை என்றுதான் பெயர். 12 போர் என்பதும் அளவுக்கு வந்த பெயர்: ஒரு பவுண்டு ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால் ஒன்றின் விட்டம் எவ்வளவோ, அவ்வளவு குழலின் உள்விட்டம். அது 18.5 மில்லிமீட்டர்.

பார்த்ததற்கெல்லாம் பெயர் வைத்தவர்கள், பார்க்க முடியாத ஒன்றுக்கு மட்டும் பெயர் வைக்கவில்லை. குழலின் வாய்ப்பக்கம் உள்ளுக்குள் சற்றுக் குறுகியிருக்கும். ஆங்கிலத்தில் அதைச் சோக் என்கிறார்கள். நாமும் மலாய்க்காரர்களும் அதையே வாங்கிக்கொண்டோம். முழுச் சோக் என்றாலும் குறுகல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். வெளியே இருந்து பார்த்தால் குழலில் எந்த வேறுபாடும் தெரியாது. ஆனால் அந்த ஒரு மில்லிமீட்டர் வெளிவரும் ரவைகளை உள்நோக்கித் தள்ளி, கூட்டம் கலையாமல் தூரம் போகச் செய்கிறது. நியூகாசிலின் பேப் 1866இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாமின் கிரீனர் 1870களில் இதைச் செம்மைப்படுத்திப் பரப்பினார். 40 கெஜத் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் 70 விழுக்காடு ரவை விழுந்தால் முழுச் சோக், 40 விழுக்காடு விழுந்தால் சோக் இல்லாத வெறுங்குழல் என்பது பழைய கணக்கு.

சோக்கைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு மிகுதியாக நடப்பது அமெரிக்காவில், காட்டு வான்கோழி வேட்டையில். வான்கோழியின் உடலில் சுடுவதில்லை. தலையும் கழுத்தும்தான் குறி. அதனால் முழுச் சோக்கையும்விட இறுக்கமானதைத் தேடுகிறார்கள். இந்தப் பறவையின் பெயரும் ஊர் ஊராக அலைந்திருக்கிறது. ஆங்கிலேயர் அதைத் துருக்கியின் பெயரால் அழைக்க, துருக்கியரோ இந்தியாவின் பெயரை வைத்து ஹிந்தி என்கிறார்கள். மலாயில் ஆயாம் பெலாண்டா, டச்சுக்கோழி. ஸ்னாப்ஹானின் சேவலோடு இதற்கு உறவில்லை, இரண்டுக்கும் கப்பல்காரர்கள்தான் பொது.

அந்த வான்கோழிச் சோக்கை அப்படியே செம்பனைக் காட்டுக்குள் கொண்டுவந்தால் பொருந்தாது. மரத்துக்கு மரம் 9 மீட்டர்தான். தாழ்ந்த மட்டைகளுக்கு நடுவில் பன்றி கண்ணுக்குத் தெரிவதே பெரும்பாலும் 20 மீட்டருக்குள். அந்தத் தூரத்தில் முழுச் சோக்கின் வீச்சு 40 சென்டிமீட்டர் அகலம், வெறுங்குழலின் வீச்சு அதைப்போல் இருமடங்கு. ஒற்றை ஈயக்கட்டி போட்டுச் சுடுபவர்கள் இறுக்கமான குழலைத் தவிர்ப்பதே நல்லது. திறந்த குழல்தான் இங்கே ஏற்றது என்பது என் துணிபு. பழைய ஆங்கிலேய இரட்டைக் குழலில் வலது குழலைத் திறந்ததாகவும், இடது குழலை இறுக்கமாகவும் செய்ததும் இதற்குத்தான்: முதல் வெடி கிட்டத்துக்கு, இரண்டாவது விலகி ஓடுவதற்கு.

உள்ளே குறுகல் இருக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. தோட்டா இல்லை என்று உறுதி செய்த வெறும் துப்பாக்கியை மடித்து, குழல் வாயில் புதிய 5 சென் காசை வைத்துப் பாருங்கள். காசின் விட்டம் 17.78 மில்லிமீட்டர். வெறுங்குழலில் அது உள்ளே இறங்கும், முழுச் சோக்கில் வாயிலேயே நிற்கும். தோராயமான சோதனைதான், குழலுக்குக் குழல் சற்று மாறும். பல ஐரோப்பியக் குழல்களில் இதை நட்சத்திரக் குறியாகப் பொறித்திருப்பார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் முழு இறுக்கம், நான்கு என்றால் கொஞ்சமே.

தமிழில் இதற்கு ‘வாய்நெரிவு’ என்று எழுதலாம் என்று எண்ணுகிறேன். நெரித்தல் தொண்டைக்கும் ஆகும், குறுகலுக்கும் ஆகும். துப்பாக்கிக்காரர்கள் சோக் என்றே சொல்லிக்கொண்டிருந்தாலும், அகராதியில் குதிரைக்குப் பக்கத்தில் இதற்கும் ஓர் இடம் வேண்டும்.