ஒரு ராத்திரி ராணி

கொஞ்சம் கொசுவத்தி சுத்திட்டு அப்புறமா சரித்திரத்துக்குப் போறேன், பொறுத்துக்கோங்க மக்கா.

எங்க ஊர் கும்மிடிப்பூண்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. ஒரு பக்கம் சிப்காட் புகை, இன்னொரு பக்கம் நெல்லு வயல். திரௌபதி அம்மன் திருவிழா வந்தா ராத்திரி ராத்திரி கூத்து. பத்தாங்கிளாஸ் வரைக்கும் ஒரு ராத்திரிகூட நான் விட்டதில்லை. (மறுநாள் கிளாஸ்ல தூங்கி வழிஞ்சு வாங்குற அடியையும் விட்டதில்லை :-))

துரியோதனன் வேஷம் கட்டுறவர் பகல்ல சிப்காட்ல ஒரு ரோலிங் மில்லுல வேலை பார்த்தவர். ராத்திரியானா தலையில கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, மார்புல பதக்கம். எல்லாமே கல்யாண முருங்கை மரத்துல செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டினது. விடிய விடிய ஆடணுமே, அதனால எடை கம்மியான மரம். ஆனா வெளிச்சம் பட்டா அஸ்தினாபுரத்துக் கஜானாவே எழுந்து நடந்து வர்ற மாதிரி இருக்கும்.

அவருக்கு முன்னாடியே கட்டியக்காரன் வந்துடுவான். ராஜா வர்றார்னு கட்டியம் கூறுறதுதான் அவனுக்கு உத்தியோகம். அவன் செய்யறதோ ராஜாவோட மானத்தை வாங்குறது. ஒரு வருஷம், "மகாராஜா, கிரீடம் எல்லாம் ஜோரா இருக்கு, போன மாசச் சம்பளம் வந்துடுச்சா?"ன்னு கேட்டான். கூட்டம் அடங்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. சிரிச்சவங்கள்ல பாதிப் பேருக்கு அந்த மாசம் சம்பளம் வரலைங்கறது எனக்குப் பின்னாடிதான் தெரிஞ்சது.

பாஞ்சாலியா வர்றவரும் ஆம்பளைதான். துகிலுரிதல் அன்னிக்கு அவர் தலைவிரி கோலமா நின்னா ஊர்ப் பெரியவங்களே கையெடுத்துக் கும்பிடுவாங்க, சூடம் காட்டுவாங்க. மறுநாள் காலையில அதே மனுஷன் டீக்கடைக்கு வந்தா, "என்னா பாஞ்சாலி, டீயா?"ன்னு ஒரு நமட்டுச் சிரிப்பு. ராத்திரி கும்பிட்ட அதே ஆளுங்கதான்.

அந்த ராத்திரிக்கும் இந்தக் காலைக்கும் நடுவுல என்ன நடக்குதுங்கறதுதான் இந்தப் பதிவு. ஆணி கம்மியா இருந்த ஒரு வாரத்துல படிச்ச ஒரு கதை இதை ஞாபகப்படுத்திடுச்சு. கூத்துல திரை புடிச்சு எடுத்தா இடம் மாறிடும் இல்லையா, அது மாதிரி நினைச்சுக்கோங்க. இடம் வாஷிங்டன். வருஷம் 1888.

வில்லியம் டோர்சி ஸ்வான். அமெரிக்காவுல மேரிலாண்ட் மாநிலத்துல அடிமையாப் பிறந்தவர். அடிமை முறை ஒழிஞ்ச பிறகு வாஷிங்டனுக்கு வேலை தேடி வந்தார். 1880கள்ல தன் வீட்டுல ரகசியமா விருந்து வைக்க ஆரம்பிச்சார். வந்தவங்க பெரும்பாலும் கறுப்பின ஆண்கள். பலர் அடிமையாப் பிறந்தவங்க. பகல்ல கோச்சு வண்டி ஓட்டுறவங்க, சமையல்காரங்க, பட்லருங்க. ராத்திரி சாட்டின் கவுனும் பட்டும் போட்டுக்கிட்டு வருவாங்க. ஸ்வான் அந்தக் கூட்டத்துக்கு "ராணி". அந்தப் பட்டத்தைத் தனக்குச் சூட்டிக்கிட்டவங்கள்ல இன்னிக்கு நமக்குத் தெரிஞ்ச முதல் ஆள் இவர்தான்னு, இவரோட கதையைத் தோண்டி எடுத்த பத்திரிகையாளர் சானிங் ஜெரார்டு ஜோசப் சொல்றார்.

அங்கே அவங்க ஆடின ஆட்டங்கள்ல ஒண்ணு "கேக் வாக்". இதை நான் கட்டாயம் சொல்லியாகணும். அடிமைக் காலத்துல தோட்ட முதலாளியோட வீட்டுல துரைமார்களும் துரைசாணிகளும் விறைப்பா கைகோத்து நடை போட்டு ஆடுவாங்க. வேலைக்காரங்க அதை ஓரமா நின்னு பார்ப்பாங்க. அப்புறம் தங்களோட கொட்டாய்க்கு வந்து அதே நடையை, முதுகைக் கொஞ்சம் கூடுதலா வளைச்சு, காலைக் கொஞ்சம் கூடுதலாத் தூக்கி, ஆடிக் காட்டுவாங்க. சுத்தமான கிண்டல்! முதலாளிகளுக்கு அது புரியலை. "அட, நல்லா ஆடுறானுங்களே"ன்னு ரசிச்சு, நல்லா ஆடின ஜோடிக்கு ஒரு கேக்கைப் பரிசாக் கொடுத்தாங்க. தன்னைக் கிண்டல் பண்ணினவனுக்குத் தன் கையாலயே பரிசு! கட்டியக்காரன் இதைப் பார்த்திருந்தா அன்னிக்கே அவங்களைச் சங்கத்துல சேர்த்திருப்பான்.

அடிமையாப் பிறந்தவங்க, பகல் முழுக்க பணக்காரங்களுக்கு வண்டி ஓட்டிச் சமைச்சுப் போட்டவங்க, ராத்திரி அந்தப் பணக்காரிங்க மாதிரியே உடுத்திக்கிட்டு அவங்க நடையைக் கிண்டல் பண்றாங்க. அது கிண்டலா, ஏக்கமான்னு கேட்டா, ரெண்டும்தான்னு நினைக்கிறேன். எங்க ஊர் துரியோதனனுக்கும் அந்தக் கண்ணாடிக் கிரீடத்து மேல ஆசை இருந்துச்சு. ஆட்டம் முடிஞ்சும் அதைக் கழட்ட மனசே வராம உக்காந்திருப்பார்.

1888 ஏப்ரல்ல போலீஸ் உள்ளே புகுந்தது. மத்தவங்க தப்பிக்கட்டும்னு ஸ்வான் வாசல்லயே மறிச்சு மல்லுக்கு நின்னார். அவரோட கிரீம் கலர் சாட்டின் கவுன் கிழிஞ்சு தொங்கினது பத்திரிகையில வந்தது. 13 பேர் கைது. அவர் அதுக்கப்புறமும் நிறுத்தலை. 1896ல விபச்சார விடுதி நடத்தினார்ங்கற அர்த்தத்துல ஒரு பொய்க் குற்றம் சாட்டி 10 மாசம் ஜெயில் கொடுத்தாங்க. அவர் ஜனாதிபதி குரோவர் கிளீவ்லாண்டுக்கே மன்னிப்பு மனு போட்டார். மறுத்துட்டாங்க. ஆனாலும் ஒண்ணு கவனிங்க. எங்களுக்கும் கூடிச் சந்தோஷமா இருக்க உரிமை இருக்குன்னு ஒருத்தர் 1896லயே அரசாங்கத்துக்கிட்ட சட்டப்படி போராடியிருக்கார்.

இப்போ நியூயார்க். இங்கே கதை இன்னும் சுவாரசியம்.

1839லேருந்து நியூயார்க் மாநிலத்துல ஹட்சன் ஆத்துப் பக்கம் வான் ரென்சலர்ங்கற பெரிய பண்ணையார் குடும்பத்துக்கு எதிரா குத்தகை விவசாயிங்க கிளம்பினாங்க. பாக்கி வசூலிக்க அதிகாரி வந்தா, காலிகோ துணியில தைச்ச கவுனும் ஆட்டுத்தோல் முகமூடியும் போட்டுக்கிட்டு, கூட்டமா வந்து விரட்டுவாங்க. "காலிகோ இந்தியர்கள்"னே அவங்களுக்குப் பேர். (காலிகோங்கற பேர் நம்ம கோழிக்கோட்டுலேருந்து போனது. எங்க மாவட்டத்துப் பழவேற்காட்டுல டச்சுக்காரன் 1613ல கோட்டை கட்டினதும் துணி வியாபாரத்துக்காகத்தான். பொன்னேரில இறங்கி பஸ் புடிச்சா இன்னிக்கும் அவங்க கல்லறைகளைப் பார்க்கலாம்.) பண்ணையாரைக் காப்பாத்த 1845ல அரசாங்கம் ஒரு சட்டம் போட்டுச்சு: முகத்துல சாயம் பூசியோ, மூடியோ, வேற விதமா மாறுவேஷம் போட்டோ பொது இடத்துல வந்தா குற்றம்.

பண்ணையார் சண்டை முடிஞ்சு போச்சு. சட்டம் மட்டும் அப்படியே கிடந்தது. இருபதாம் நூற்றாண்டுல போலீஸ் அதை எடுத்து, பொம்பளை உடுப்புல நடந்த ஆம்பளைங்களைப் புடிக்கப் பயன்படுத்துச்சு. பணக்காரனுக்கு எதிரா வேஷம் கட்டினவனைத் தடுக்க வந்த சட்டம், கடைசியில வேஷம் கட்டின எல்லார் மேலயும் பாஞ்சுது. 2020ல கொரோனா வந்து எல்லாரும் மூஞ்சியை மூடணும்னு ஆனப்போதான் அந்தச் சட்டத்தோட மிச்சத்தை எடுத்தாங்க. சிரிக்கிறதா அழறதான்னு தெரியலை.

அதுக்கு நடுவுலயும் ஆட்டம் நிக்கலை. ஹார்லெம்ல ஹேமில்டன் லாட்ஜ்ங்கற கறுப்பின மக்களோட சங்கம் 1869ல ஆரம்பிச்ச வருடாந்திர வேஷ நடனத்துக்கு, 1920கள்ல ஆயிரக்கணக்குல கூட்டம். பணக்கார வெள்ளைக்காரங்க காசு கொடுத்து மாடியில உக்காந்து பார்த்தாங்க. 1972ல கிரிஸ்டல் லபேஜா பேர்ல "ஹவுஸ் ஆஃப் லபேஜா"ன்னு ஒரு குடும்பம் உருவாச்சு. வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட பசங்களுக்கு இந்த மாதிரி "ஹவுஸ்"தான் அம்மா வீடு. 1990ல வந்த 'பாரிஸ் இஸ் பர்னிங்' ஆவணப்படத்துல பார்க்கலாம்: அவங்க போட்டியில ஒரு பிரிவு கம்பெனி அதிகாரி வேஷம். கோட்டு சூட்டு, கையில பிரீஃப்கேஸ். வேலை கிடைக்காதவன் வேலை கொடுக்குறவனாட்டம் நடந்து காட்டணும்.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். 1871ல வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. அதோட ரெண்டாம் பகுதி முழுக்கத் திருநங்கைகளைப் பத்தினது. வட இந்தியாவுலதான் அதை அமல்படுத்தினாங்க. பதிவு பண்ணின ஒருத்தர் பொம்பளை உடுப்பு, நகை போட்டுக்கிட்டு தெருவுல வந்தாலோ, ஆடினாலோ ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். ஐதராபாத் நிஜாம் ராஜ்யத்துல 1919ல அதே மாதிரி ஒரு சட்டம். அது தெலங்கானாவுல புத்தகத்துலயே இருந்து, 2023 ஜூலைலதான் உயர்நீதிமன்றம் செல்லாதுன்னு சொல்லுச்சு.

அதே நாட்டுலதான் அர்ச்சுனன் பிருகன்னளையா விராட நாட்டு அரண்மனையில டான்ஸ் கத்துக் கொடுக்குறதை விடிய விடியப் பார்க்குறோம். சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகத்துல அரவானுக்குத் தாலி கட்டிக்கிற திருநங்கைகளைப் பேப்பர்ல கலர் போட்டோ போடுறோம். மறுவாரம் கும்மிடிப்பூண்டி லோக்கல்ல கைதட்டிக்கிட்டு ஒருத்தங்க வந்தா, மீஞ்சூர் வர்ற வரைக்கும் தூங்குற மாதிரி நடிக்கிறோம். நடிக்கிறோம்னு பொதுவாச் சொல்வானேன், நான் நடிச்சிருக்கேன்.

இதை எழுத உக்காந்த உண்மையான காரணம் இனிமேதான்.

நான் இஞ்சினியரிங் படிச்ச காலேஜ்ல ஹாஸ்டல் டே. (காலேஜ் பேர் வேண்டாம்.) ஒரு ஸ்கிட் போட்டோம். தாளாளரோட சம்சாரம் பட்டுச் சேலையும் பத்து வடம் சங்கிலியுமா ஹாஸ்டல் மெஸ்ஸைப் பார்வையிட வர்றாங்க. சாம்பார்ல பருப்பைத் தேடித் தோத்துப் போறாங்க. அந்த அம்மா வேஷம் ஒரு ஜூனியர் பையன் கட்டினான். அவன் நடந்தான் பாருங்க ஒரு நடை! கழுத்து நகை கனக்குற மாதிரி, ஆனா அந்தக் கனத்துலயே ஒரு பெருமை. முந்நூறு பேர் விசிலடிச்சோம்.

ரெண்டு நாள்ல விஷயம் மேல போச்சு. விசாரணை வச்சாங்க. தாளாளர் குடும்பத்தைக் கிண்டல் பண்ணினதுக்குன்னு சொல்ல முடியாதே, சொன்னா சாம்பாரைப் பத்திப் பேச வேண்டியிருக்கும். "ஒழுக்கக்கேடான உடை, நடத்தை"ன்னு எழுதி அவனை மட்டும் ஒரு வாரம் சஸ்பெண்ட் பண்ணினாங்க. கைதட்டின முந்நூறு பேர்ல ஒருத்தர் மேலயும் ஒரு கீறல் இல்லை. அவன் திரும்பி வந்தப்போ ஹாஸ்டல் அவனுக்குப் பட்டப்பேர் வச்சுக் காத்துக்கிட்டிருந்தது. கதவுல எழுதினாங்க, மெஸ்ல நடந்து காட்டினாங்க. அடுத்த செமஸ்டர் அவன் ஹாஸ்டலைக் காலி பண்ணிட்டான்.

அந்த ஸ்கிட்டை எழுதினது நான். பருப்பு டயலாக்கும் என்னுது. விசாரணையில என் பேரை அவன் சொல்லலை. நானும் சொல்லலை.

ஸ்வான் வாசல்ல மறிச்சு நின்னதைப் படிச்சப்போ எனக்கு ஞாபகம் வந்தது அவன்தான். மத்தவங்க ஜன்னல் வழியாத் தப்பிச்ச மாதிரி நானும் தப்பிச்சேன். என்ன, அவங்க தப்பிச்சது உயிர் பயத்துல. நான் கேம்பஸ் இன்டர்வியூ பயத்துல.

போன மாசம் அவன் நம்பரைத் தேடிப் புடிச்சு இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மன்னிச்சிருன்னு கேட்டேன். ரெண்டு நாள் பதிலே இல்லை. மூணாம் நாள் ஒரே ஒரு வரி வந்தது.

"அண்ணே, அந்த நடை நல்லா இருந்துச்சு இல்ல?"

நல்லா இருந்துச்சுடா. அன்னிக்கு மேடையேறி, எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கணும்.

இந்த வருஷம் திருவிழாவுக்கு ஊருக்குப் போறேன். துகிலுரிதல் முடிஞ்ச மறுநாள் காலையில டீக்கடையில இருப்பேன். பாஞ்சாலி வேஷம் கட்டினவர் வந்தா, அவரோட பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு டீ வாங்கிக் கொடுக்கணும்.