ஏரி மண்ணும் எண்ணெய் அழுத்தமும்: டிராக்டர் லோடர் இணைப்பிகளின் வரலாறு

டிராக்டரின் முன்புறம் பொருத்தப்படும் இரண்டு இரும்புக் கைகளும் அவற்றின் நுனியில் உள்ள வாளியும் சேர்ந்ததே லோடர். வாளியைக் கழற்றிவிட்டு வைக்கோல் பிடிக்கும் கவ்வியையோ மண் தள்ளும் பலகையையோ மாட்டலாம். கருவி மாறும்போது அதை இயக்கும் எண்ணெய்க் குழாயையும் கழற்றி மாட்ட வேண்டும். அதற்கு உதவும் சிறு பித்தளை அல்லது எஃகு உறுப்பே ஹைட்ராலிக் கப்ளர், அதாவது இணைப்பி. கட்டைவிரல் தடிமனே உள்ள இந்த உறுப்பு இல்லாவிட்டால் ஒரு டிராக்டரால் ஒரு வேலைதான் ஆகும்.

காஞ்சிபுரம் பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர்பெற்றது. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஊர்களின் வாழ்வு ஏரியைச் சார்ந்தது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தையே ஏரி மாவட்டம் என்பார்கள். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (10ஆம் நூற்றாண்டு) ஏரி வாரியம் என்ற தனி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. ஏரி இருந்தால் வண்டல் சேரும், வண்டல் சேர்ந்தால் அள்ள வேண்டும். ஆயிரம் ஆண்டுகளாக அந்த வேலையை மண்வெட்டியும் கூடையும் மாட்டுவண்டியும் செய்தன. டிராக்டர் வந்தது மிக அண்மையில்தான்.

இதன் அடிப்படையான பாஸ்கலின் விதி எட்டாம் வகுப்பு மாணவரும் அறிந்தது: அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும். 1795இல் இங்கிலாந்தின் ஜோசப் பிரமா இதைக்கொண்டு நீரழுத்த எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ அழுத்தமுள்ள எண்ணெய் 6 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டனின் பரப்பு சுமார் 28 ச.செ.மீ. ஆகவே தள்ளுவிசை 4,200 கிலோ. ஒரு முழம்கூட அகலமில்லாத சிலிண்டர் நான்கு டன்னைத் தூக்கிவிடும்.

இந்த ஆற்றலை உழவுக்குக் கொண்டுவந்தவர் அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் (1884–1960). அதுவரை கலப்பையைச் சங்கிலியிலோ கொக்கியிலோ மாட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் சிக்கினால் டிராக்டர் முன்பக்கம் தூக்கிப் பின்புறமாகக் கவிழும். ஓட்டுநர் அடியில் சிக்குவார். பெர்குசன் மூன்று புள்ளிகளில் கலப்பையை டிராக்டரோடு சேர்த்து, ஹைட்ராலிக் முறையில் ஏற்றி இறக்கினார். 1936இல் பெர்குசன்-பிரவுன் டிராக்டர் வந்தது. 1938இல் ஹென்றி ஃபோர்டுடன் கைகுலுக்கி ஓர் ஒப்பந்தம். காகிதத்தில் எதுவும் எழுதவில்லை. 1939இல் ஃபோர்டு 9என் வெளிவந்தது. பின்னால் ஃபோர்டின் பேரன் அந்த உறவை முறிக்க, வழக்கு நடந்து 1952இல் 92.5 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. கைகுலுக்கலை மட்டும் நம்பித் தொழில் செய்வதற்கு இது நல்ல பாடம் என்றுதான் எனக்குப் படுகிறது. 1953இல் பெர்குசனின் நிறுவனம் மாசி-ஹாரிஸுடன் இணைந்தது. அதுவே பிறகு மாசி பெர்குசன் ஆயிற்று.

அந்த வழிமுறை நம் ஊருக்கு வந்த பாதை நேரானது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கப்பட்டு, மாசி பெர்குசன் டிராக்டர்களைச் செம்பியத்தில் தயாரித்தது. தமிழக வயல்களில் மாசி என்ற பெயர் நிலைத்தது இப்படித்தான்.

முன்புற லோடரின் கதை தனி. 1945இல் இங்கிலாந்தில் தொழில் தொடங்கிய ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு, 1948இல் ஹைட்ராலிக்கால் சாயும் டிரெய்லரையும் 1949இல் டிராக்டரில் மாட்டும் மேஜர் லோடரையும் செய்தார். 1953இல் பின்புறத்தில் தோண்டும் கையும் சேர்ந்தது. அவருடைய பெயரின் முதல் எழுத்துகள்தான் ஜேசிபி. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் நம் மக்கள் ஜேசிபி என்றே சொல்கிறார்கள். அதுபோல், முழு ஹைட்ராலிக் தோண்டியை 1951இல் செய்த பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரே பொக்லைன் என்று கிராமம் வரை வந்துவிட்டது.

இனி இணைப்பிக்கு வருவோம். ஆண், பெண் என இரண்டு பாதிகள். ஒவ்வொன்றிலும் ஸ்பிரிங்கால் மூடிய ஒரு வால்வு உண்டு. இரண்டும் சேரும்போது வால்வுகள் ஒன்றையொன்று தள்ளித் திறக்கும்; பிரிந்தால் தாமே மூடும். பெண் பாதியின் வளையத்துக்குள் இருக்கும் எஃகுக் குண்டுகள் ஆண் பாதியின் பள்ளத்தில் அமர்ந்து பூட்டிக்கொள்ளும். வேளாண் டிராக்டர்களுக்கு ஐஎஸ்ஓ 5675 என்ற பன்னாட்டுத் தர அளவு உண்டு. இந்த ஒற்றுமை இருப்பதால்தான் ஒருவரின் டிரெய்லரை மற்றவரின் டிராக்டரில் மாட்ட முடிகிறது. ஜக்கார்டு பெட்டியில் அட்டையை மாற்றினால் அதே தறியில் வேறு புட்டா விழுவதைப் பார்த்த காஞ்சிபுரத்தாருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

சாயும் டிரெய்லருக்கு ஒரு குழாய் போதும். தன் எடையாலேயே இறங்கிவிடும். லோடருக்குத் தூக்க இரண்டு, வாளியைக் கவிழ்க்க இரண்டு என நான்கு குழாய்கள் வேண்டும். கவ்வி மாட்டினால் இன்னும் இரண்டு. பல வண்டிகளில் டிராக்டரின் சொந்தப் பம்பு தரும் எண்ணெய் லோடருக்குப் போதாது என்பதால், எஞ்சினின் முன்பக்கம் தனிப் பம்பும் தனி எண்ணெய்த் தொட்டியும் வைப்பார்கள். இணைப்பிகளைத் தொங்கவிடாமல் லோடர் சட்டத்தில் ஒரு தகட்டில் இறுக்கிப் பொருத்த வேண்டும். கை முழுதாக உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் குழாய் இழுபடக் கூடாது. திருகும் இடத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் போல நூலோ டேப்போ சுற்றுவது தவறு. பிய்ந்த துணுக்கு வால்வில் போய்ச் சிக்கும். குழாய்கள் மாறினால் நெம்புகோல் தலைகீழாக வேலை செய்யும்; ஆகவே ஜோடிக்கு ஒரு வண்ணம் பூசுவது நல்லது.

வெயிலில் கிடந்த கருவியை மாட்ட வருபவர் படும் பாடு தனி. உள்ளே அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரிந்து வால்வை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சுத்தியலால் தட்டுவார்கள், இணைப்பிதான் கெடும். கழற்றும்போதே வாளியைத் தரையில் இறக்கி, எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விட்டிருந்தால் இந்தத் தொல்லை வராது. ஊசித்துளைக் கசிவை விரலால் தடவிப் பார்ப்பது மிகவும் ஆபத்து. அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலை இழக்கவும் நேரும். அட்டைத் துண்டை நீட்டிப் பார்க்க வேண்டும். தூசி மூடி போடாத இணைப்பி மண்ணை எண்ணெயோடு உள்ளே அனுப்பும். பல டிராக்டர்களில் கியர் பெட்டி எண்ணெயே ஹைட்ராலிக் எண்ணெயாகவும் இருப்பதால், வாடகை டிரெய்லர் வழியே ஒரு வண்டியின் அழுக்கு அடுத்த வண்டியின் கியருக்குப் போய்ச் சேரும்.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தைக் காஞ்சிபுரம் மாவட்ட மணிமங்கலத்தில் தொடங்கியது. பல்லவரும் சாளுக்கியரும் போரிட்ட அதே மணிமங்கலம். ஏரி வண்டலை உழவர்கள் வயலுக்கு எடுத்துச் செல்லவும் வழி செய்யப்பட்டது. தூர்வாரும் இடங்களில் பொக்லைன், லோடர், டிரெய்லர் என வரிசை கட்டின. ஆனால் 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், கூலியாட்களின் இடத்தைப் பிடிக்கும் இயந்திரங்கள் கூடாது என்றது. ஆகவே ஒரே வகை ஏரியில் ஓராண்டு பெண்கள் கூடையில் மண் சுமந்தார்கள், மறு ஆண்டு ஒரு லோடர் சில மணி நேரத்தில் அதை முடித்தது. கூடை மெல்லிய படலமாக அள்ளும். வாளி ஒரே இடத்தில் ஆழக் குழி பறித்துவிடும். வண்டலுக்கு அடியில் உள்ள மண்ணும் சேர்ந்து போகும். எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்று கரையில் நின்று அளந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். உத்திரமேரூரில் அந்த ஆளை வாரியம் என்றார்கள்.