மிதிவண்டியோட்டிகளின் கைமரப்பு

மிதிவண்டியோட்டிகளின் கைமரப்பு என்பது, நெடுநேரம் மிதிவண்டி ஓட்டுபவர்களின் உள்ளங்கை நரம்புகள் ஹேண்டில்பார் மீது அழுந்துவதால் உண்டாகும் வலி, மரத்துப்போதல், விரல் தளர்ச்சி ஆகியவற்றைக் குறிக்கும். பந்தய வண்டி ஓட்டுவோருக்கும், நேரான ஹேண்டில்பார் கொண்ட மலை மிதிவண்டி ஓட்டுவோருக்கும் இது பரவலாக ஏற்படுகிறது. மெத்தென்ற கிரிப் ஒன்றை மாட்டினால் தீர்ந்துவிடும் என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் கையில் இறங்கும் உடல் எடையும் மணிக்கட்டின் கோணமும் சரியாக இல்லாதபோது கிரிப்பை மட்டும் மாற்றுவதால் பயன் குறைவே.

காரணம்

உள்ளங்கையின் சுண்டுவிரல் பக்கத்து அடியில், பட்டாணி வடிவ எலும்புக்கும் கொக்கி வடிவ எலும்புக்கும் இடையே குறுகிய வழி ஒன்று உள்ளது. பிரெஞ்சு மருத்துவர் பெலிக்ஸ் குயோன் 1861-ஆம் ஆண்டு இதனை விவரித்ததால் இது குயோன் கால்வாய் எனப்படுகிறது. அல்நார் நரம்பு இதன் வழியே செல்கிறது. இங்கு நரம்பின் மேல் தடித்த தசைப்பாதுகாப்பு இல்லை. எனவே ஹேண்டில்பாரின் அழுத்தம் நேராக நரம்பைத் தாக்குகிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் ஒரு பாதியும் மரத்துப்போனால் அழுந்துவது இந்நரம்பு எனக் கொள்ளலாம். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியன மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே செல்லும் மீடியன் நரம்பு அழுந்துகிறது.

அல்நார் நரம்பின் ஆழ்கிளை தசைகளை மட்டுமே இயக்குவது. அது மட்டும் பாதிக்கப்பட்டால் மரப்பும் வலியும் இல்லாமலேயே விரல்கள் வலுவிழக்கும். சட்டைப் பொத்தானைப் போடவும் சாவியைத் திருப்பவும் கடினமாகும். வலி இல்லை என்பதால் ஓட்டுநர் இதனைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுவதுண்டு. இந்நோயில் கவலைக்குரிய பகுதி இதுவே.

நான்கு நாட்களில் 600 கி.மீ. ஓட்டிய 25 பேரை ஆராய்ந்து 2003-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 23 பேருக்கு ஏதேனும் ஓர் அறிகுறி காணப்பட்டது.

பழைய வண்டியும் புதிய வண்டியும்

1949-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஹெர்குலிஸ் போன்ற கறுப்பு மிதிவண்டிகளில் ஹேண்டில்பார் ஓட்டுநரை நோக்கி நன்கு வளைந்து வரும். ஓட்டுநர் நிமிர்ந்து அமர்வார். எடையில் பெரும்பகுதி சுருள்வில் வைத்த இருக்கையில் இறங்கும். உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்த்தபடி இயல்பாக இருக்கும். பின்னர் இளைஞரிடையே பரவிய மலை மிதிவண்டிகள் கரடுமுரடான சரிவில் வண்டியைக் கட்டுப்படுத்த வடிவமைக்கப்பட்டவை. அவற்றின் நேர் ஹேண்டில்பாரைப் பற்றும்போது உடல் முன்சாய்ந்து, எடை கைக்கு மாறுகிறது.

மலைப்பாதையில் ஓட்டுநர் எழுந்தும் அமர்ந்தும் கையை நகர்த்தியும் ஓட்டுவார். சமவெளியில் இதற்கு வாய்ப்பில்லை. சென்னை–புதுச்சேரி கிழக்குக் கடற்கரைச் சாலை மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டிச் செல்கிறது. அங்கிருந்து திண்டிவனம் செல்லும் வழியில் உள்ள பெருமுக்கல்லில் பாறைக்குன்று உண்டு. சாலையோ குன்றில் ஏறாமல் சமமாகவே போகிறது. இத்தகைய தரையில் கடற்காற்றை எதிர்த்து மணிக்கணக்கில் குனிந்து மிதிப்பவரின் கை ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். மலை மிதிவண்டி மலையைவிடச் சமவெளியில் கைக்கு அதிகத் தொல்லை தருவது விந்தையாகத் தோன்றினாலும் காரணம் இதுதான்.

சீரமைப்பு

முதலில் கவனிக்கவேண்டியது இருக்கை. அதன் மூக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால் உடல் முன்னே வழுக்கும். அதைத் தடுக்கக் கைகளே முட்டுக்கொடுக்கும். இருக்கையைச் சமமாக்கி, ஹேண்டில்பாரைச் சற்று உயர்த்தினாலோ நீளம் குறைந்த ஸ்டெம் பொருத்தினாலோ கையின் சுமை குறையும். இதில் முதல் வேலைக்கு ஓர் ஆலன் சாவியே போதும்.

மலை மிதிவண்டிகளின் ஹேண்டில்பார் 1990களில் ஏறத்தாழ 60 செ.மீ. அகலம் இருந்தது, தற்போது 74 முதல் 80 செ.மீ. வரை உள்ளது. இது சரிவில் உதவும். ஆனால் தோள் குறுகியவருக்கு மணிக்கட்டு பக்கவாட்டில் மடியும். அலுமினியத் தண்டாயின் இருபுறமும் சிறிது சிறிதாக அறுத்துப் பார்க்கலாம். அறுத்ததை ஒட்டமுடியாது என்பதால், கிரிப்பையும் பிரேக்கையும் முதலில் உள்ளே தள்ளி ஓட்டிப் பார்ப்பது நலம். பின்வளைவு பெரும்பாலானவற்றில் 5 முதல் 9 பாகை வரையே இருக்கும். நெடுந்தொலைவுக்கென 45 பாகை வரை வளைந்தவையும் கிடைக்கின்றன. வடிவில் இவை நம் பழைய கறுப்பு மிதிவண்டியை நோக்கித் திரும்புவனவே. முனையில் பொருத்தும் கொம்புகள் கைக்கு இரண்டாவது பிடியைத் தருகின்றன. பிரேக் நெம்புகோலை, முன்கையும் புறங்கையும் நேர்கோட்டில் அமையும்படி திருப்பிவைக்க வேண்டும்.

உருளை வடிவ கிரிப்பில் அழுத்தம் ஒரு குறுகிய கோட்டில் விழுகிறது. 2000களின் நடுவிலிருந்து ஜெர்மனியின் எர்கான் நிறுவனத்தால் பரவிய சிறகு வடிவ கிரிப், உள்ளங்கையின் அடியை அகலமாகத் தாங்கி அழுத்தத்தைப் பரப்புகிறது. சிறகு தாழ்ந்திருந்தால் மணிக்கட்டு பின்னோக்கி மடியும். மிக உயர்ந்தால் உள்ளங்கையை நெம்பும். மிக மென்மையான நுரை கிரிப் கடையில் அழுத்திப் பார்க்க இதமாயிருக்கும். ஓட்டும்போது அது முழுதும் அமுங்கி, உள்ளிருக்கும் தண்டே கையில் படும். பழைய டியூபைச் சுற்றுவதால் பிடி தடிக்கும், ஆனால் தாங்கும் பரப்பு பெரிதாக மாறாது. மெத்தை வைத்த கையுறை அல்நார் நரம்பின் மேலுள்ள அழுத்தத்தை 10 முதல் 28 விழுக்காடு குறைப்பதாக 2011-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. அகன்ற டயரில் காற்றைச் சற்றுக் குறைத்தால் அதிர்வும் குறையும்.

உப்புக்காற்று

கடற்கரையில் ஓட்டும் வண்டிகளில், கிரிப்பை இறுக்கும் அலுமினிய வளையத்தில் எஃகுத் திருகு அரித்து ஒட்டிக்கொள்ளும்; பிறகு கோணத்தை மாற்ற இயலாது. திருகுக்கு கிரீஸ் இட்டு, அவ்வப்போது கழற்றி மாட்டவேண்டும்.

மருத்துவம்

பெரும்பாலும் சில நாட்களோ வாரங்களோ ஓட்டாமல் இருந்தால் மரப்பு நீங்கும். தசைத்தளர்ச்சி நீங்கச் சில மாதங்கள் ஆகலாம். ஒரு தாளைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பிடித்து மற்றொருவரை இழுக்கச் சொல்லும்போது, கட்டைவிரல் நுனியை மடக்கினால்தான் பிடிக்க முடிகிறது என்றாலும், அவ்விரு விரல்களுக்கு இடையே புறங்கையில் குழி விழுந்தாலும் ஓட்டுவதை நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். நரம்புக் கடத்தல் சோதனை, அழுத்தம் மணிக்கட்டிலா முழங்கையிலா என்பதைக் காட்டும்.